சீனிக் குளிசை

மேல் கணக்கு, பசறை
12.02.2024

அன்புத் தங்கச்சி ஜீவராணிக்கு, அக்கா செல்வநாயகி எழுதிக்கொள்வது.

நாங்கள் சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் தம்பி ஜெயகுமாரும் மகள் லதுஷாவும் சுகமாக இருக்க மாரியம்மாவைக் கும்பிடுகிறேன். நீ சுகமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

போன் இருக்கக் கடுதாசி ஏன் என்று உன் வீட்டுக்காரர் சிரித்தால் சொல்: எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. நான் இங்கே ஹலோ என்றால் கடைசிக் காம்பராவிலிருந்து பதில் வரும். உன்னுடையது வீட்டுத் திட்டத்தில் கட்டிக் கொடுத்த தனி வீடு. நீ கத்திக்கூடப் பேசலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நீயும் பதுளை கிளினிக்கில் பேர் கொடுத்துவிட்டாயாமே? பஸ்ஸில்தான் கேள்விப்பட்டேன். தோள் வலிக்குப் புதிதாக மருந்து பார்க்கிறார்கள் என்று பொங்கலன்று உனக்குச் சொன்னதே நான்தானே! மாசம் திரும்புவதற்குள் நீயும் போய் நிற்கிறாய். சின்ன வயசில் எனக்கு ரிப்பன் வாங்கினால் உனக்கும் வேண்டும், எனக்கு அம்மை போட்டால் உனக்கும் போட வேண்டும். வலியாவது எனக்கென்று தனியாக இருக்கக் கூடாதா?

போகட்டும். டாக்டர் இரகுநாதன் யாழ்ப்பாணத்து ஆள், பொறுமையான மனுஷர். கையைத் தூக்கச் சொன்னார். என் வலது கை காதைத் தாண்டவில்லை. "தசைநாண் பழுதாப் போச்சுது அம்மா. தேயிலைக் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னாலை எறிஞ்சு எறிஞ்சு வந்த நோ இது" என்றார். ரத்தத்தில் சீனி கூடிய சீனி வருத்தக்காரர் வருஷக்கணக்காகக் குடிக்கிற மெட்போமின் குளிசை இந்த வலிக்கும் கேட்குமா என்று பரீட்சை பண்ணுகிறார்களாம். பாதிப் பேருக்கு அந்தக் குளிசை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் குளிசை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. செப்டம்பரில்தான் உடைத்துச் சொல்வார்களாம்.

எனக்கு இது விளையாட்டுக் காரியமில்லை. தனேஸ்வரன் கங்காணி போன கிழமை காலைப் பெரட்டில், வேலை பிரிக்கிற நேரம், அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இந்த வருசத்துக்குள்ள கை சரிவரலன்னா முதல் நிரைய வேற ஆளுக்குக் குடுத்துட்டு நீ நாத்து மேடைக்குப் போயிரு, செல்வநாயகி." கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து மலையில் முதல் நிரை என்னுடையது. நான் போய் நோயாளிகளோடு குந்திக்கொண்டு பைக்குள் மண் அடைக்கவா? அதற்குப் பதில் அந்த மண்ணை என் மேல் போட்டுவிடலாம்.

குளிசை குடித்த நாளிலிருந்து வயிறு பிசைகிறது, குமட்டுகிறது. உனக்கு எப்படி?

இப்படிக்கு,
உன் அக்கா


பங்களா கணக்கு, அப்புத்தளை
27.02.2024

மதிப்பிற்குரிய அக்காவுக்கு ஜீவராணி.

உங்கள் கடுதாசி கிடைத்தது. இங்கே பனி இறங்கி மூன்று நாளாக வெளியே கை நீட்டினால் விரல் தெரியவில்லை. மற்றபடி சுகம். மச்சானுக்கு இருமல் விட்டதா? மகள் நிஷாந்தினி படிக்கிறாளா?

வலி எனக்கும் இருக்கிறது அக்கா. நானும் கொழுந்துதான் எடுக்கிறேன், இங்கே ஊஞ்சல் ஆடவில்லை. எங்களுக்கு வெள்ளிக்கிழமை கிளினிக், உங்களுக்குச் செவ்வாய். பயப்படாதீர்கள், உங்கள் வரிசையில் நான் வந்து நிற்க மாட்டேன்.

எனக்குக் குளிசை ஒன்றும் செய்யவில்லை. குமட்டலும் இல்லை, வயிற்று வலியும் இல்லை. சில உடம்புக்கு மருந்து அப்படியே ஒத்துக்கொள்ளுமாம். அதைவிடச் சந்தோஷமான சங்கதி, கை ஏறத் தொடங்கிவிட்டது! நேற்று உயரத்துத் தட்டிலிருந்து அரிசி டப்பாவை நானே இறக்கினேன். அவர் பார்த்துவிட்டு, "என்னா ஜீவா, கொமரி ஆயிட்டே!" என்று கேலி பண்ணுகிறார்.

உங்களுக்கும் அம்மன் கண் திறப்பாள்.

அன்புடன்,
ஜீவராணி


மேல் கணக்கு, பசறை
20.03.2024

ஜீவராணிக்கு அக்கா.

மச்சானின் இருமல் விட்டது. நிஷாந்தினி படிக்கிறாள். எல்லோரும் சுகம், என் கையைத் தவிர.

உன் கடுதாசியை இரண்டு தரம் வாசித்தேன். அரிசி டப்பாவை இறக்கினாயா? நல்லது. அதைப் பார்த்துக் கேலி பண்ண ஒரு புருஷனும் பக்கத்திலேயே நின்றாரா? அதுவும் நல்லது. இங்கே உன் மச்சான் நான் டப்பாவோடு விழுந்தாலும் ரேடியோவைக் குறைக்க மாட்டார். உன் ஜாதகத்தை எழுதியவன் புது மைக்கூட்டைத் திறந்து எழுதினான். என்னுடையதை அடி மண்டியைத் தொட்டு எழுதியிருக்கிறான்.

வயிறு எரிகிறது என்று சொன்னால் என்ன? எரிகிறதுதான். நான் தேடிக் கண்டுபிடித்த மருந்து, என் கை காதோடு நிற்கிறது, உன் கை டப்பா இறக்குகிறது.

பொறுக்க முடியாமல் ஒரு காரியம் செய்தேன். பக்கத்துக் காம்பரா வேலாயி சீனி வருத்தத்துக்கு மருந்து குடிப்பவள் என்று உனக்குத் தெரியும். என் குளிசை ஒன்றை அவளிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நுனி நாக்கில் வைத்தாள். வைத்த மாத்திரத்தில் துப்பிவிட்டு, "அடியே, இது சீனிக் குளிசைடி!" என்றாள். எனக்குச் சீவனே போய்விட்டது. எனக்கு வாய்த்தது சீனிக் குளிசை, ஜீவராணி. வேறு என்ன வாய்க்கும் எனக்கு? யாரிடமும் சொல்லாதே.

சித்திரைப் பௌர்ணமிக்கு எங்கள் கோயிலில் திருவிழா. குடும்பத்தோடு வா. வராவிட்டால் ஊர் என்னைத்தான் பேசும்.

அக்கா


பங்களா கணக்கு, அப்புத்தளை
05.04.2024

அக்காவுக்கு ஜீவராணி.

உங்கள் கடுதாசி வந்த அன்று எனக்கு மலையில் வேலை ஓடவில்லை. சீனிக் குளிசையா? கொடுத்து வைத்தவர் அக்கா நீங்கள். வாய்க்கவில்லை வாய்க்கவில்லை என்று ஒப்பாரி வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் வாய்க்க வைத்துக்கொள்கிறீர்கள். உங்கள் பழக்கம் எனக்குத் தெரியாதா? நிஷாந்தினிக்கு ஓ.எல். சோதனையில் எல்லாப் பாடத்திலும் ஏ வந்தபோது, "ஏதோ கரையேறினாள்" என்றுதானே எழுதினீர்கள். கண்ணூறு பட்டுவிடும் என்று நல்லதையெல்லாம் கெட்டது போலச் சொல்வீர்கள். என் கண் அவ்வளவு பொல்லாத கண்ணா?

என் கையும் நன்றாகத்தான் இருக்கிறது, கவலை வேண்டாம்.

திருவிழாவுக்கு நானும் லதுஷாவும் வருகிறோம். அவருக்கு லீவு இல்லை. இந்த மாத கிளினிக்கில், தோட்டத்துச் சனம் சும்மா சும்மா மருந்துக்கு அலைய வேண்டாம் என்று, கடைசி வரைக்குமான குளிசையை ஒரே பெரிய போத்தலில் தந்துவிடுவார்களாம். இனிமேல் போனால் ரத்தம் மட்டும்தான் எடுப்பார்களாம். போத்தலையும் கொண்டு வருவேன், வேளை தவறக் கூடாது அல்லவா?

ஜீவராணி


மேல் கணக்கு, பசறை
02.05.2024

என் செல்லத் தங்கச்சி ஜீவராணிக்கு ஆசை அக்கா எழுதுவது.

சுகமாக வீடு போய்ச் சேர்ந்தாயா? எல்ல வளைவில் லதுஷாவுக்கு வாந்தி வந்ததா? நீ வந்து போனது வீட்டுக்கே வெளிச்சம். லயத்தில் எல்லோரும் உன் தங்கச்சியா, உன் தங்கச்சியா என்று கேட்கிறார்கள்.

ஒன்றே ஒன்று மனசில் நின்றது. அம்மன் தேர் லயத்துக்கு முன்னால் வந்தபோது நாங்களெல்லாம் தலைக்கு மேல் கை எடுத்துக் கும்பிட்டோம். நான் வலியைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்தேன். நீ மட்டும் நெஞ்சோடு கையை வைத்துக்கொண்டு நின்றாய். தனி வீட்டுக்காரிக்கு அம்மனிடம் கூடவா கௌரவம்? கோபத்தில் எழுதவில்லை, சும்மா கேட்கிறேன்.

குளிசையை வேளைக்கு வேளை குடி. ஒன்றுகூட விடாதே. என்ன ஆனாலும் அக்கா உன் நல்லதுக்குத்தான் நினைப்பேன்.

முத்தங்களுடன்,
அக்கா


பங்களா கணக்கு, அப்புத்தளை
09.05.2024

என் உயிருக்கு உயிரான அக்காவுக்கு ஜீவராணி.

சுகமாக வந்து சேர்ந்தோம். நீங்கள் கட்டித் தந்த புளிச்சோறு அடுத்த நாள் வரைக்கும் கெடவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு, "அக்கா கை அக்கா கைதான்" என்றார்.

கௌரவமெல்லாம் இல்லை அக்கா. அன்றைக்குக் கும்பிட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

நீங்களும் குளிசையை விடாமல் குடியுங்கள். போத்தலில் இருப்பதை இருக்கிறபடியே குடியுங்கள், இனி வேலாயியிடமெல்லாம் காட்ட வேண்டாம். அக்காவும் தங்கச்சியும் ஒரே சமயத்தில் சுகமானால் அதைவிட வேறென்ன வேண்டும்?

என்றும் உங்கள்,
ஜீவா


மேல் கணக்கு, பசறை
15.07.2024

ஜீவராணிக்கு அக்கா.

இங்கே எல்லோரும் சுகம். இந்தத் தடவை என் கையையும் சேர்த்து எழுதுகிறேன்!

ஆத்தாடி, கை ஏறிவிட்டது ஜீவராணி. முதலில் நான் நம்பவில்லை. ஆனி மாதம் பிறந்ததும் ஒரு நாள் காலையில் கொண்டை போட்டுக்கொண்டிருந்தேன், நடுவில்தான் உறைத்தது, இரண்டு கையும் தலைக்குப் பின்னால் இருக்கிறது! அப்படியே உட்கார்ந்து அழுதேன். உன் மச்சான் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். நேற்று மலையில் என் நிரை முடிந்து, பக்கத்து நிரைக்காரிக்கும் ஒரு கை கொடுத்தேன். கங்காணி நின்று பார்த்துவிட்டு, "என்னா செல்வநாயகி, நாத்து மேடை வேணாமா?" என்றார். "அங்கே நீங்க போய் மண்ணு போடுங்க" என்றேன். அத்தனை பேரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

மருந்து மருந்துதான். வேறென்ன சொல்ல.

உன் கை எப்படி இருக்கிறது? போன வலி சில பேருக்குத் திரும்ப வருமாம். வந்திருந்தால் என்னிடம் மறைக்காதே. எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.

அக்கா


மேல் கணக்கு, பசறை
20.08.2024

ஜீவராணிக்கு.

ஒரு மாதமாகப் பதில் இல்லை. மனசு கேட்காமல் போனும் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் தம்பிதான் பேசுகிறார். ஒரு நாள், "பீலியடியில துணி தொவைக்கிறா அக்கா." மறுநாள், "தூங்குறா அக்கா." அதற்கு அடுத்த நாள் திரும்பவும் பீலியடி. உன் வீட்டில் அவ்வளவு அழுக்குத் துணியா?

நான் சுகமாகிவிட்டேன் என்று எழுதியது உனக்குப் பொறுக்கவில்லையா? நீ டப்பா இறக்கிய கதையை நான் பொறுக்கவில்லையா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்கு நல்லது நடந்திருக்கிறது. "சந்தோஷம் அக்கா" என்று ஒரு வரி எழுத உன் கை வளையவில்லை.

மழை இங்கே விட்டுவிட்டது. அங்கே எப்படி?

செல்வநாயகி


பங்களா கணக்கு, அப்புத்தளை
02.09.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு லதுஷா எழுதுவது.

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மாவுக்கு வேலை கூட. நாங்கள் சுகம். நீங்கள் சுகமானது அம்மாவுக்குச் சந்தோஷம். அம்மாவின் கையும் நல்ல சுகம் என்று எழுதச் சொல்கிறார்.

வேறு என்ன எழுத என்று கேட்டேன். போதும் என்கிறார்.

லதுஷா


மேல் கணக்கு, பசறை
24.09.2024

அடியே கள்ளி!

சுகம் விசாரிக்கிற நேரமில்லை இது. இப்போதுதான் கிளினிக்கிலிருந்து வந்தேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

இன்றைக்கு ரகசியத்தை உடைத்துச் சொன்னார்கள். டாக்டர் இரகுநாதன் என் பேரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்குக் கிடைச்சது மெய்யான மருந்துதான் அம்மா. தொடக்கத்திலை இருந்து மெட்போமின்தான்." "இல்லீங்க ஐயா, எனக்கு சீனிங்க, வெறும் சீனி" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நர்ஸ் றுஷ்தா மிஸ் தாளைப் புரட்டிக் காட்டினார். "ஒங்கட ரத்தத்துல கடைசி மாசம் வரைக்கும் மருந்து இருக்கே, ஒரு மாசமும் விட்டுப்போகல்ல" என்றார். "ஏன் அம்மா முகம் கறுத்துப் போச்சுது, சந்தோசமில்லையே?" என்று டாக்டர் கேட்டார். நான் என்னவென்று சொல்வேன்?

உனக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள். திருவிழா அன்று பின்னேரம் நீ குளிக்கப் போன சமயம், சாமிப் படத்துக்குக் கீழே இருந்த இரண்டு போத்தலையும் எடுத்து, குளிசையைக் கொட்டி மாற்றியவள் நான். உன் போத்தலில் இருந்தது எனக்கு, என் போத்தலில் இருந்தது உனக்கு. வேலாயி சீனிக் குளிசை என்றாளே, அது சீனியில் உருட்டிய வெறும் குளிசை என்றுதான் நினைத்தேன். டப்பா இறக்கும் உன் மருந்து எனக்கு வேண்டியிருந்தது. உன் கை விழ வேண்டும் என்று நினைக்கவில்லை. என் கை எழ வேண்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டும் ஒன்றுதானே என்று நீ கேட்பாய். ஆமாம், ஒன்றுதான். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. ஆனி மாதம் கை ஏறியபோது அழுதேனே, பாதி அழுகை அதற்குத்தான்.

ஆனால் இப்போது கணக்குப் பார். பௌர்ணமியிலிருந்து நான் குடித்தது உன் போத்தலில் இருந்த குளிசை. மிஸ் புரட்டிய தாளில் உன் பேருக்கு நேரே வெறும் குளிசை என்று இருந்ததை என் கண்ணால் கண்டேன். அப்படியிருக்க என் ரத்தத்தில் என் மருந்து எப்படி ஓடும்? நான் மாற்றுவதற்கு முன்னாலேயே ஒருத்தி மாற்றி வைத்திருந்தால்தானே ஓடும்! அவள் ஒரு தரம் மாற்றினாள், தெரியாமல் நான் இன்னொரு தரம் மாற்றினேன், அவரவர் குளிசை அவரவர் போத்தலுக்கே திரும்பிவிட்டது. அந்த வீட்டில் அன்றைக்கு நம் இரண்டு பேரையும் விட்டால் அந்தக் குளிசை வேறு யாருக்கு வேண்டும்? நான் காலையில் பொங்கல் வைக்கக் கோயிலுக்குப் போனேன், நீ தலைவலி என்று படுத்திருந்தாய். என்ன தலைவலியடி அது?

என் வீட்டில் சாப்பிட்டு, என் பாயில் படுத்து, என் மருந்தையே திருடியிருக்கிறாய்! "போத்தலில் இருப்பதை இருக்கிறபடியே குடியுங்கள்" என்று முத்து முத்தாக எழுதினாயே! தான் கள்ளி பிறரை நம்பாள் என்பார்கள். நான் கள்ளியாக இருந்தும் உன்னை நம்பினேன், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இல்லையென்று மட்டும் எழுதாதே.

செல்வநாயகி


பங்களா கணக்கு, அப்புத்தளை
05.10.2024

அக்கா,

இல்லையென்று எழுதவில்லை. நான்தான்.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை எனக்கும் சொன்னார்கள். எனக்குத் தொடக்கத்திலிருந்தே வெறும் குளிசை. "இல்லை மிஸ், சித்திரையிலிருந்து நான் நல்ல மருந்து குடிக்கிறேன்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் உங்கள் கடுதாசி கிடந்தது. வாசித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அவர் வந்து என்னவென்று கேட்டார், அக்கா சுகமாம் என்றேன்.

சீனிக் குளிசை என்று நீங்கள் எழுதினால் நான் என்ன நினைப்பேன்? எங்கள் பக்கம் சீனி வருத்தத்துக்குக் குடிப்பதைத்தானே சீனிக் குளிசை என்கிறோம். வேலாயியே அந்த வருத்தக்காரி, அவள் தன் மருந்தை அடையாளம் கண்டுகொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன். மெய்யான மருந்து கிடைத்துவிட்டது, கண்ணூறுக்குப் பயந்து ஒப்பாரி வைக்கிறீர்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. என் கை ஏறவேயில்லை அக்கா. அரிசி டப்பாவை இறக்கியது லதுஷா. அவர் கேலி பண்ணியதும் லதுஷாவைத்தான். முதல் கடுதாசியிலிருந்தே நான் எழுதியது பொய். கோயிலில் கும்பிடாமல் நின்றது கௌரவத்தால் இல்லை, கை நெஞ்சுக்கு மேலே வரவில்லை.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பீர்கள். என் தனி வீட்டையும் என் புருஷனையும் நீங்கள் எண்ணிக்கொண்டே இருப்பீர்கள். நான் எண்ணுவது உங்களுக்குத் தெரியாது. படிக்கிற பிள்ளை உங்களுக்கு. முதல் நிரை உங்களுக்கு. பெரட்டில் அத்தனை பேர் முன்னாலும் கங்காணி உங்களைப் பேர் சொல்லி ஏசினார் என்று எழுதினீர்களே, எங்கள் கங்காணி என் பேரையே மறந்துபோய், "ஏய், ஜெயகுமார் பொஞ்சாதி" என்றுதான் கூப்பிடுவார். ஒரு தடவையாவது உங்களுக்கு முன்னால் நான் நிற்க வேண்டும் போல இருந்தது. வலி போனதிலாவது.

உங்கள் மருந்தை நான் தின்கிறேன் என்று நம்பிக்கொண்டிருக்கும்போதுதான் உங்கள் கை ஏறிய கடுதாசி வந்தது. உங்கள் மருந்தை எடுத்தும் உங்களுக்குத்தானே சுகமாகிறது என்று அதைக் கிழித்துப் போட்டேன். அதனால்தான் பதில் எழுதவில்லை. ஆடி மாதத்திலிருந்து நான் மலைக்குப் போகவில்லை. எங்கள் தோட்டத்து நாற்று மேடையில் மண் அடைக்கிறேன். தலை வாரி விடுவது லதுஷா. போன கடுதாசி எழுத மேசை மேல் கையை வைக்கவே முடியவில்லை, அதனால்தான் அவளை எழுதச் சொன்னேன். இதை எழுதவும் இரண்டு நாள் ஆனது.

வெறும் குளிசை குடித்தவர்கள் விருப்பமென்றால் இனி மெய்யான மருந்தைக் குடித்துப் பார்க்கலாமாம். வருகிற பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சொல்ல வேண்டுமாம். நான் போகவில்லை. போத்தலை மாற்றியதை அந்த டாக்டரிடம் மறைத்துக்கொண்டு, எந்த முகத்தோடு போய்க் கை நீட்டுவேன்?

உங்கள் கை நன்றாக இருக்கட்டும். இதைக் கண்ணூறு படாமல் எழுதப் பார்க்கிறேன், முழுசாக வரவில்லை.

ஜீவராணி


மேல் கணக்கு, பசறை
10.10.2024

ஜீவராணிக்கு அக்கா.

நான் சுகம். நீ சுகமில்லை. இனிமேல் சுகம் எழுதுகிற இந்த இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுது.

உன் கடுதாசியை எடுத்துக்கொண்டு நேரே வேலாயியிடம் போனேன். "அன்னைக்கு சீனிக் குளிசைன்னியே, என்னாத்த நெனச்சு சொன்ன?" என்று கேட்டேன். "என்னாத்த நெனப்பாங்க? நான் குடிக்கிற குளிசை மாதிரியே கசந்துச்சு, அதான் சொன்னேன்" என்கிறாள். "இனிச்சுதான்னு நீ கேக்கவே இல்லையே!" என்று என்னையே ஏசுகிறாள். ஆகவே நீ நினைத்ததுதான் சரி. நான் எழுதியதை எழுதிய எனக்கே விளங்கவில்லை, வாசித்த உனக்கு விளங்கியிருக்கிறது. அதிலும் உனக்குத்தான் அதிர்ஷ்டம் பார்.

இரண்டு நாளாக மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே யோசித்தேன். நீ அன்று காலையில் கை வைத்திராவிட்டால், பின்னேரம் நானே என் மருந்தை உன் போத்தலில் கொட்டிவிட்டு உன் வெறும் குளிசையை வாரி எடுத்திருப்பேன். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் கதைதான். இந்நேரம் நாற்று மேடையில் இருப்பது நானாக இருக்கும், முதல் நிரை வேறொருத்தியுடையதாக இருக்கும். நீ திருடியதால்தான் என் மருந்து எனக்கு மிஞ்சியது. இதற்கு உன்னைக் கும்பிடுவதா, செருப்பால் அடிப்பதா?

நீ நாற்று மேடையில் மண் அடைக்கிறாய் என்று வாசித்தபோது எனக்குச் சந்தோஷம் வரும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். உண்மையைத்தான் எழுதுகிறேன், காத்திருந்தேன். வரவில்லை. பாழாய்ப்போனவளே, பொறாமைப்படக்கூட நீ நன்றாக இருக்க வேண்டியிருக்கிறது.

பதினெட்டாம் தேதி காலை ரயிலில் நீ பதுளைக்கு வா. நான் பஸ்ஸில் வந்து ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போய்ச் சொல்வோம், திருடினோம், திருடியது அதனதன் இடத்துக்கே திரும்பிவிட்டது என்று. ஏசினால் ஏசட்டும், இரண்டு பேருக்கும் பங்கு போட்டால் ஆளுக்குப் பாதி ஏச்சுத்தான். மறைத்துக்கொண்டு போக முகமில்லை என்றாயே, சொல்லிவிட்டுப் போனால் முகம் இருக்கும். நீ வராவிட்டால் நான் அப்புத்தளைக்கே வந்து, உன் தனி வீட்டு வாசலில் நின்று, உன் பேரைச் சொல்லி, உங்கள் கங்காணிக்கும் கேட்கிற மாதிரிக் கத்துவேன்.

மருந்தைக் குடி. குமட்டும், வயிறு பிசையும், விடாதே. உன் கை தலைக்கு மேலே ஏறட்டும், அம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன். என் கையைவிட ஒரு விரல்கடை கீழே நின்றால் போதும்.

அக்கா